மாதிரிப் படகுகளின் மின்மோட்டாரும் சுவிட்சும்

மாதிரிப் படகு என்பது உண்மையான கப்பல் அல்லது படகின் சிறிய உருவமாகச் செய்யப்பட்டுக் குளத்திலோ ஏரியிலோ ஓடவிடப்படுவது ஆகும். கரையில் நிற்பவர் தம் கையிலுள்ள கருவியிலிருந்து வானொலி அலைகளை அனுப்பி அதை ஓட்டினால், அது வானொலிக் கட்டுப்பாட்டுப் படகு எனப்படும். இப்படகுகளின் வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் மோட்டாரின் வளர்ச்சியை மட்டுமே சொல்வர். ஆனால் வரலாற்றின் சரிபாதி சுவிட்சில் இருக்கிறது. கரையை விட்டு நூறு அடி போய்விட்ட படகைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது. அதன் மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தைத் தேவையான நேரத்தில் துண்டித்தாக வேண்டும். அந்தச் சிறிய வேலையைப் பழுதின்றிச் செய்யும் கருவியைக் கண்டடைய ஏறக்குறைய நூறாண்டுகள் ஆயின.

ஆற்றில் ஓடிய மின்படகுகள்

மின்மோட்டார் தோன்றிய சில ஆண்டுகளிலேயே அது படகில் ஏற்றப்பட்டது. மோரிட்ஸ் யாகோபி என்னும் பொறியாளர் 1838இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், நேவா ஆற்றில், ஆட்களை ஏற்றிய படகு ஒன்றை மின்கலங்களைக் கொண்டு ஓட்டிக் காட்டினார். அதன் இருபுறமும் துடுப்புச் சக்கரங்கள் சுழன்றன. 1881இல் பிரான்சு நாட்டின் குஸ்தாவ் த்ரூவே, பாரிசில் சேன் ஆற்றில் மின்படகு ஓட்டினார். மோட்டாரைச் சுக்கானுடன் சேர்த்துக் கழற்றி மாட்டும்படி அவர் அமைத்திருந்தார். இன்றைய மீன்பிடிப் படகுகளின் பின்புறம் தொங்கும் வெளிப்பொருத்து எந்திரத்தின் முன்னோடி என அதைக் கொள்ளலாம்.

இவை பெரிய படகுகள். குழந்தைகள் குளத்தில் விட்ட சிறு படகுகள் அக்காலத்தில் சாவி கொடுத்த சுருள்வில்லாலும் நீராவியாலுமே ஓடின. நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் தண்ணீர்த் தட்டில் பட்பட்டென்று சுற்றி வரும் தகரப் படகும் அந்த நீராவிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதற்கான காப்புரிமையைத் தாமஸ் பியோ என்பவர் 1891இல் இங்கிலாந்தில் பெற்றார். இவை அனைத்துக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. விட்டது விட்டதுதான், ஆற்றல் தீரும்வரை படகு தன் போக்கில் போகும்.

டெஸ்லாவின் படகு, 1898

அந்தக் குறையைத் தீர்த்தவர் நிகோலா டெஸ்லா. 1898இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் நடைபெற்ற மின் கண்காட்சியில் ஒரு தொட்டியில் நீர் நிரப்பி, சுமார் 4 அடி நீளமுள்ள படகை அதில் மிதக்கவிட்டார். கம்பித் தொடர்பு எதுவும் இல்லாமல் அது திரும்பியது, நின்றது, மீண்டும் ஓடியது, விளக்குகளை ஏற்றி அணைத்தது. அதற்கான காப்புரிமை 1898 நவம்பர் 8 அன்று 613,809 என்னும் எண்ணுடன் வழங்கப்பட்டது. காப்புரிமை அலுவலகத்தின் தலைமைத் தேர்வாளர் நேரில் வந்து பார்த்த பிறகே அது வழங்கப்பட்டதாக டெஸ்லா பின்னாளில் எழுதினார். நேரில் பாராமல் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள் என்பதும் உண்மைதான்.

அப்படகின் உள்ளே இரண்டு மோட்டார்கள் இருந்தன. ஒன்று படகை முன்செலுத்த, மற்றொன்று சுக்கானைத் திருப்ப. அன்றைய நிலையில் மோட்டாரோ மின்கலமோ புதுமையல்ல. இடையில் இருந்த சுவிட்சே புதுமை. வானொலி அலையை உணர்வதற்கு அக்காலத்தில் இருந்த கருவி கொஹீரர் ஆகும். இது உலோகத் துகள் நிரப்பிய சிறு குழாய். அலை வந்து படும்போது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மின்னோட்டத்தைக் கடத்தும். பிறகு குழாயை அசைத்தால்தான் துகள்கள் பிரிந்து, அடுத்த அலையை உணரத் தயாராகும். டெஸ்லாவின் கருவியில் ஒவ்வொரு முறையும் குழாய் தானே புரண்டுகொள்ளும்.

கொஹீரர் வழியே செல்லும் மின்னோட்டம் மிகச் சிறியது. அதனால் மோட்டாரைச் சுழற்ற இயலாது. அது ஒரு ரிலேயை மட்டும் இயக்கியது. ரிலே என்பது சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்தச் சுவிட்ச். அந்த ரிலே ஒவ்வொரு சைகைக்கும் ஓர் உருளையை ஒரு படி நகர்த்தியது. உருளையின் மேலிருந்த உலோகப் பட்டைகள் நகர நகர, வலப்பக்கம், நிறுத்தம், இடப்பக்கம், நிறுத்தம் என்று மின்சுற்று மாறிமாறி அமைந்தது. அதாவது கரையில் நின்றவர் “வலப்பக்கம் திரும்பு” என்று சொல்லவில்லை. “அடுத்த படிக்குப் போ” என்று மட்டுமே சொன்னார். எந்தப் படியில் இருக்கிறோம் என்பதை அவர்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே 1898ஆம் ஆண்டு தொடக்கத்தில் லண்டனில் பெர்சிவல் மார்ஷல் ‘மாடல் எஞ்சினியர்’ இதழைத் தொடங்கினார். அதன் முதற்பெயரில் மின்சாரத்தில் ஆர்வமுடைய பொழுதுபோக்காளர்களும் சேர்த்துக் குறிப்பிடப்பட்டனர். வீட்டுப் பட்டறையில் மோட்டார் சுற்றிப் பார்க்கும் கூட்டம் அப்போதே உருவாகிவிட்டது. ஆயினும் டெஸ்லாவின் படகு அவர்கள் கைக்கு எட்ட அரை நூற்றாண்டு ஆனது.

பொத்தானை அமுக்கி எண்ணிய காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1940களின் இறுதியிலும் 1950களிலும், வால்வுகள் கொண்ட சிறிய வானொலிப் பெட்டிகள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பொழுதுபோக்காளர்களுக்குக் கிடைக்கலாயின. 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை இவர்களுக்குப் பழக்கமானது. இப்பெட்டிகள் பெரும்பாலும் ஒற்றைத் தடம் கொண்டவை. பொத்தானை அமுக்கினால் சைகை உண்டு, விட்டால் இல்லை, அவ்வளவுதான்.

படகில் சுக்கானைத் திருப்ப எஸ்கேப்மென்ட் என்னும் பொறி வைக்கப்பட்டது. கடிகாரத்தில் சக்கரத்தைப் பல் பல்லாக விடுவிக்கும் அமைப்புக்கு உரிய பெயர் அது. முறுக்கிய ரப்பர் வளையம் ஒரு சிறு அச்சைச் சுழற்ற முயலும். மின்காந்தம் ஒவ்வொரு சைகைக்கும் அதைக் கால் சுற்று மட்டும் விடுவிக்கும். வலம், நேர், இடம், நேர் என்பதே வரிசை. டெஸ்லாவின் உருளை வேறு உருவில் திரும்பி வந்தது என்றே சொல்ல வேண்டும். வலப்பக்கம் ஒருமுறை திருப்பியவர் மீண்டும் வலப்பக்கமே திருப்ப விரும்பினால், நடுவில் இடப்பக்கத்தைக் கடந்தாக வேண்டும். கரையில் நிற்பவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஓட்டுவார். எண்ணிக்கை தவறினால் படகு நாணலுக்குள் போய்ப் புகும்.

முன்செலுத்தும் மோட்டாருக்கோ பல படகுகளில் வானொலிச் சுவிட்ச் கிடையாது. மேல்தளத்தில் உள்ள சுவிட்சைக் கையால் போட்டுவிட்டுப் படகை நீரில் தள்ளுவார்கள். திரும்பக் கரைக்கு ஓட்டி வந்து பிடித்துத்தான் நிறுத்த வேண்டும். அதைவிடக் கடினமானது பின்னோக்கி ஓட்டுவது. அதற்குக் காரணம் அக்காலத்து மோட்டாரின் அமைப்பில் இருந்தது.

திசை மாறாத மோட்டார்

1950களில் பிரிட்டனில் மாதிரிப் படகுகளுக்காக விற்கப்பட்ட டேக்கால் மோட்டார்களில் நிலைக்காந்தம் இல்லை. சுழலும் ஆர்மேச்சருக்கு ஒரு சுருள், அதைச் சூழ்ந்து காந்தப்புலத்தை உண்டாக்க இன்னொரு சுருள் என இரண்டும் செம்புக் கம்பியால் ஆனவை. வலிமையான நிலைக்காந்தம் அன்று விலை மிகுந்தது. ஆகவே கம்பிச்சுருளே காந்தத்தின் வேலையைச் செய்தது.

இத்தகைய மோட்டாரில் மின்கலத்தின் நேர்முனையையும் எதிர்முனையையும் இடம் மாற்றி இணைத்தால் என்ன ஆகும்? மாணவர் பலர் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும் என்பர். சுழலாது. ஆர்மேச்சரில் மின்னோட்டத்தின் திசை மாறும்போதே புலச்சுருளிலும் மாறிவிடுகிறது. கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல் வருவது போல, விசையின் திசை முன்போலவே இருக்கும். ஆர்மேச்சர் அல்லது புலச்சுருள் ஆகிய இரண்டில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அதற்கு ஆறு முனைகள் கொண்ட இரட்டைத் துருவ இருவழிச் சுவிட்ச் தேவை. மூலை முனைகளைக் குறுக்காக இணைத்து, நடுமுனைகளில் புலச்சுருளைக் கட்டினால், சுவிட்சை மேலும் கீழும் தள்ளும்போது திசை மாறும். கரையிலிருந்து இதைச் செய்ய வேண்டுமானால், இந்தச் சுவிட்சைத் தள்ளுவதற்கே தனியாக ஒரு சிறு மோட்டாரும் பற்சக்கரமும் வேண்டியிருந்தன.

நிலைக்காந்தம் இந்தச் சிக்கலை வேரோடு நீக்கியது. ஜப்பானில் மிஷிமா 1931இல் அலுமினியமும் நிக்கலும் சேர்ந்த இரும்புக் கலவையில் வலிமையான காந்தத்தைக் கண்டறிந்தார். அல்நிக்கோ காந்தங்கள் அதன் வழி வந்தவை. 1950களில் பிலிப்ஸ் நிறுவனம் மலிவான பெரைட் காந்தங்களைக் கொண்டுவந்தது. நிலைக்காந்த மோட்டாரில் மின்கல முனைகளை மாற்றினால் போதும், சுழற்சி மாறிவிடும். ஜப்பானின் கெனிச்சி மபுச்சி 1947இல் குதிரைலாட வடிவக் காந்தம் கொண்ட சிறு மோட்டாரை உருவாக்கினார். 1954இல் நிறுவனம் தொடங்கி, பொம்மைகளுக்கான மோட்டார்களைப் பெருமளவில் செய்தார். 1960களில் ரப்பர் உறிஞ்சியால் படகின் அடியில் ஒட்டவைக்கும், நீர் புகாத மபுச்சி மோட்டார் ஜப்பானியச் சிறுவர்களிடையே பரவியது. தக்கையிலோ சோப்புப் பெட்டியிலோ ஒட்டினாலும் அது ஓடும்.

அந்நிறுவனத்தின் 540 வகை மோட்டார் 1976இல் டமியா நிறுவனத்தின் வானொலிக் காரில் இடம்பெற்றுப் புகழ்பெற்றது. 36 மில்லிமீட்டர் விட்டமும் சுமார் 50 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட அந்த உருளை, படகு செய்வோருக்கும் ஓர் அளவுகோலாகிவிட்டது. இன்று வேறு எவர் செய்தாலும் அந்த அளவினது 540 என்றே கேட்டு வாங்கப்படுகிறது. அதைவிடச் சிறியது 380.

எரிந்துபோன சுவிட்சுகள்

மலிவான, வலிமையான மோட்டார் வந்ததும் தொல்லை சுவிட்சின் பக்கம் திரும்பியது. இதைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு உதவும்.

6 வோல்ட் மின்கலமும், சுருளின் மின்தடை 0.5 ஓம் உள்ள மோட்டாரும் இருப்பதாகக் கொள்வோம். ஓம் விதிப்படி 12 ஆம்பியர் பாய வேண்டும். ஆனால் ஓடும் மோட்டாரில் அவ்வளவு பாய்வதில்லை. 2 ஆம்பியரே பாயக்கூடும். காரணம், சுழலும் ஆர்மேச்சர் தானே ஒரு ஜெனரேட்டராகவும் செயல்பட்டு, எதிர்த்திசையில் 5 வோல்ட் மின்னியக்கு விசையை உண்டாக்குகிறது. எஞ்சிய 1 வோல்ட்தான் சுருளின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. இப்போது குளத்துப் பாசியோ தூண்டில் நரம்போ புரொப்பெல்லரில் சுற்றி அச்சு நின்றுபோனால், எதிர் மின்னியக்கு விசை இல்லாமற்போய் 12 ஆம்பியர் முழுவதும் பாயும். இதற்கு ஸ்டால் மின்னோட்டம் என்று பெயர். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் இருப்பதால், சுருளில் 2 வாட்டாக இருந்த வெப்பம் 72 வாட் ஆகிவிடும். 2 ஆம்பியரை நம்பி வாங்கிய சுவிட்ச் அங்கே என்ன செய்யும்?

பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். தொடுமுனை கருகி மின்சுற்று அறுந்துபோகலாம். அப்போது படகு நடுக்குளத்தில் நிற்கும், நீந்தத் தெரிந்தவர் போய் எடுத்து வரலாம். அல்லது தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளலாம். இதுதான் ஆபத்தானது. கரையில் இருப்பவர் எத்தனை முறை நிறுத்தச் சொன்னாலும் மோட்டாருக்கு மின்னோட்டம் போய்க்கொண்டே இருக்கும். பால்சா மரத்தாலும் ஒட்டுப்பலகையாலும் செய்த மேலோட்டுக்குள் பழுக்கக் காய்ந்த கம்பி இருப்பது எவ்வளவு தீங்கு என்று சொல்லத் தேவையில்லை.

1960களில் டிரான்சிஸ்டர் பெட்டிகளும், கைப்பிடியை நகர்த்தும் அளவுக்கே நகரும் சர்வோவும் வந்தபின், பொத்தானை எண்ணும் தொல்லை தீர்ந்தது. சர்வோவின் கை சென்று ஒரு மைக்ரோசுவிட்சை அமுக்கும்படி பலர் அமைத்தனர். மைக்ரோசுவிட்சை 1932இல் அமெரிக்காவின் ஃப்ரீபோர்ட் நகரில், பர்ஜெஸ் மின்கல நிறுவனத்தைச் சேர்ந்த மெக்கால் உருவாக்கினார். உள்ளே வளைந்திருக்கும் தகடு சட்டென்று துள்ளித் தொடுமுனையை மாற்றும். எவ்வளவு மெதுவாக அமுக்கினாலும் துள்ளல் வேகம் ஒன்றே. அதனால் தீப்பொறி நீடிக்காது. அடக்கமான, நல்ல கருவி. ஆனால் அதன் மேல் பொறித்திருக்கும் ஆம்பியர் அளவு பலரை ஏமாற்றியது. அது வீட்டு மாறுதிசை மின்னோட்டத்துக்கு உரியது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால், தொடுமுனைகளுக்கிடையே எழும் பொறி தானே அணைந்துவிடும். மின்கலத்தின் நேர்மின்னோட்டத்துக்கு அந்த இளைப்பாறுதல் இல்லை. அதிலும் சுருள் உள்ள மோட்டார் மின்னோட்டத்தை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

வேகத்தைக் குறைக்க மின்தடைச் சுருள்கள் பயன்பட்டன. செம்புப் பட்டைகள் கொண்ட பலகையின் மேல் சர்வோவின் கை வருடிச் செல்லும். எந்தப் பட்டையில் நிற்கிறதோ அதற்கேற்ப மின்தடை கூடும் அல்லது குறையும். செய்வது எளிது, செலவும் குறைவு. ஆனால் மோட்டாருக்குப் பாதி மின்னழுத்தம் போனால், மறுபாதி மின்தடையில் வெப்பமாக வீணாகும். மோட்டாருக்குச் சுமை கூடினால் மின்னோட்டம் கூடும். உடனே மின்தடையில் இழப்பும் கூடி மோட்டாருக்குக் கிடைப்பது இன்னும் குறையும். மெதுவாக ஓடும் படகு சிறு பாசி தட்டினாலும் நின்றுபோனது இதனால்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. டெஸ்லாவின் காலத்தில் வானொலி அலையை உண்டாக்கியதே தீப்பொறிதான். இப்போது மோட்டாரின் கார்பன் தூரிகையில் எழும் சிறு பொறிகளும் அவ்வாறே அலைகளைப் பரப்பி, ஒரு சாண் தள்ளியிருந்த வானொலிப் பெட்டியைக் குழப்பின. மோட்டார் நின்றால் கேட்கும், ஓடினால் கேட்காது என்ற நிலை. மோட்டாரின் இரு முனைகளுக்கிடையிலும், ஒவ்வொரு முனைக்கும் உறைக்கும் இடையிலும் 0.1 மைக்ரோஃபாரட் அளவிலான சிறு மின்தேக்கிகளைப் பற்றவைத்தால் இது பெரிதும் அடங்கும். இன்றும் தூரிகை மோட்டாருக்கு இதைச் செய்வது வழக்கம்.

நகராத சுவிட்ச்

தொடுமுனையே இல்லாத சுவிட்சுக்கான விதை 1959இல் பெல் ஆய்வகத்தில் அட்டாலா, காங் ஆகியோர் உருவாக்கிய மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் ஆகும். பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் மாஸ்ஃபெட்டுகள் 1970களின் இறுதியில் வந்தன. அவற்றைக் கொண்டு மின்னணு வேகக் கட்டுப்படுத்தி செய்யப்பட்டது. இது மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை. முழு மின்னழுத்தத்தையே நொடிக்குப் பல நூறு அல்லது பல ஆயிரம் முறை கொடுத்துக் கொடுத்து நிறுத்துகிறது. பாதி நேரம் கொடுத்தால் ஏறக்குறைய பாதி வேகம். வீணாகும் வெப்பம் மிகக் குறைவு. மெதுவாக ஓடும்போதும் மோட்டாருக்கு வலு உண்டு. நான்கு மாஸ்ஃபெட்டுகளை H எழுத்து வடிவில் இணைத்தால் முன்னும் பின்னும் ஓட்டலாம். அன்று ஆறு முனைச் சுவிட்சும் அதைத் தள்ளும் மோட்டாரும் சேர்ந்து செய்த வேலை அது.

2000க்குப் பின் பரவிய தூரிகையற்ற மோட்டாரில், மூன்று கம்பிகளுக்கும் முறைவைத்து மின்னோட்டம் அனுப்பும் பொறுப்பும் கட்டுப்படுத்தியிடம் வந்தது. கார்பன் தூரிகையும் திசைமாற்றியும் செய்த வேலையை அது செய்கிறது. 1980களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உருவான நியோடிமியம் காந்தங்கள் இம்மோட்டாரைச் சிறிதாக்கின. சுவிட்ச் இல்லாமல் மோட்டாரே இல்லை என்ற நிலை இங்கேதான் வந்தது.

இன்றைய தேர்வு

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இது வெறும் பழங்கதை அன்று. தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் கப்பல் மாதிரி செய்தல் பயிற்சியாகவும் போட்டியாகவும் உள்ளது. சென்னை ரிச்சி தெருவில் சிறு மோட்டாரும் கட்டுப்படுத்தியும் கிடைக்கின்றன. பழைய டேப் ரிக்கார்டரிலிருந்து கழற்றிய மோட்டாரைப் படகில் வைத்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு. அது பெரும்பாலும் ஏமாற்றம் தரும். பாட்டின் வேகம் மாறாமல் இருப்பதற்காக அவ்வகை மோட்டார்கள் பலவற்றினுள்ளே வேகத்தை நிலைநிறுத்தும் மின்சுற்று உண்டு. அது ஒரே திசையில் ஓடுவதற்கென்று அமைந்தது.

மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது புரொப்பெல்லரை. ஒரே சுழற்சி வேகத்தில் அதற்குத் தேவைப்படும் திறன், விட்டத்தின் ஐந்தாம் படியை ஒட்டிக் கூடுகிறது. 30 மில்லிமீட்டருக்குப் பதில் 40 மில்லிமீட்டர் போட்டால் நான்கு மடங்குக்கு மேல் திறன் வேண்டும். நேரடியாக இணைக்கும்போது புரொப்பெல்லரின் விட்டம் மோட்டாரின் விட்டத்தைத் தாண்டக்கூடாது என்ற பழைய கைக்கணக்கு பெரும்பாலும் பொய்ப்பதில்லை. 540 மோட்டாருக்கு 35 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். காற்றில் சுழலவிட்டு அளந்த மின்னோட்டம் எதற்கும் உதவாது. படகை நீர்த்தொட்டியில் பிடித்துக்கொண்டு, புரொப்பெல்லர் நீரில் சுழலும்போது அம்மீட்டரில் பார்க்க வேண்டும். கட்டுப்படுத்தியை ஸ்டால் மின்னோட்டத்தைத் தாங்கும் அளவில் வாங்க வேண்டும். இயலாவிட்டால் இடையில் ஒரு ஃபியூஸ் வைப்பது கட்டாயம்.

டிரோன் உதிரிப் பாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கட்டுப்படுத்திகள் வானூர்திகளுக்கு உரியவை. அவற்றில் பலவற்றுக்குப் பின்னோட்டம் இல்லை. வானூர்திக்கு அது தேவையில்லை; படகுக்கோ பின்னோட்டமே தடை. வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. மோட்டாரின் வேக எண்ணையும் பார்க்க வேண்டும். 1000 என்று குறித்திருந்தால் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று, 7.4 வோல்ட்டில் சுமையின்றி 7400 சுற்று. மெதுவாகப் போகும் மீன்பிடிப் படகு மாதிரிக்கு இதுவே மிகுதி. அத்தகைய படகில் கனமான ஈய அமில மின்கலம் வைப்பதும் தவறன்று. படகு சரியான மட்டத்தில் மிதக்க எப்படியும் எடை வேண்டும். இலேசான லித்தியம் மின்கலம் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் ஈயக் கட்டியும் வைப்பதில் பொருளில்லை.

இப்போதுள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் பெட்டிகள் பலவற்றில், சைகை அறுந்தால் மோட்டார் தானே நின்றுவிடும்படி அமைக்க முடியும். ஓடவிடுமுன் கையிலுள்ள கருவியை அணைத்துப் பார்த்து இதைச் சோதிக்க வேண்டும்.

பழைய டேக்கால் மோட்டார்களைப் பழுதுபார்த்து ஓட்டுவோர் இன்றும் பிரிட்டனில் இருக்கின்றனர். மின்னணுக் கட்டுப்படுத்தியுடன் நேரே இணைத்தால் அவை இன்றும் பின்னோக்கிச் சுழலமாட்டா. அதற்காக அவர்கள் புலச்சுருளுக்கு முன் நான்கு டையோடுகள் கொண்ட பாலச் சுற்று ஒன்றை வைக்கின்றனர். கட்டுப்படுத்தி எந்தத் திசையில் மின்னோட்டத்தை அனுப்பினாலும் புலச்சுருளுக்கு ஒரே திசையில் போய்ச் சேருகிறது. ஆர்மேச்சரில் மட்டும் திசை மாறுகிறது. டையோடுகளில் ஒன்றரை வோல்ட் அளவுக்கு இழப்பு உண்டு. எழுபது ஆண்டு பழைய மோட்டார் அதைப் பொருட்படுத்தாமல் இரு திசையிலும் சுழல்கிறது.